தொங்கு சட்டசபையில் சின்னக் கட்சி: உள்ளே போவதா, வெளியே நின்று தாங்குவதா?

யாருக்கும் பெரும்பான்மை இல்லை என்று முடிவு வந்த ராத்திரி டிவி விவாதம் முழுக்க முதல்வர் யார் என்பதையே சுற்றும். ஆனால் நிஜமாகவே தலையைப் பிய்த்துக்கொண்டு உட்கார்ந்திருப்பது பத்து இருபது எம்எல்ஏக்களை வைத்திருக்கும் கட்சிதான். பெரிய கட்சிக்கு வேலை தெளிவு: எண்ணிக்கையைச் சேர்க்க வேண்டும். சின்னக் கட்சிக்கு அப்படி இல்லை. அமைச்சரவையில் சேரலாம், வெளியிலிருந்து ஆதரவு தரலாம், முதல்வர் பதவியையே காலம் பிரித்துக் கேட்கலாம், இல்லை, எதிர்க்கட்சி வரிசையில் உட்கார்ந்துவிடலாம். எதைச் செய்தாலும் துரோகி, பதவி ஆசைக்காரன், பிழைக்கத் தெரியாதவன் என்று ஏதாவது ஒரு பட்டம் நிச்சயம்.

நம் ஊர் விவாதத்தில் இது பெரும்பாலும் கொள்கைப் பிரச்சினையாகவே பேசப்படுகிறது. பதவி வேண்டாம் என்றால் உயர்வு, கேட்டால் மட்டம். எனக்கு அதில் உடன்பாடு இல்லை. முதலில் பார்க்க வேண்டியது இரண்டே விஷயம்: நாம் விலகினால் ஆட்சி விழுமா? விலகினால் நமக்குப் போக வேறு இடம் இருக்கிறதா? இதற்குப் பதில் தெரியாமல் உள்ளே, வெளியே என்று பேசுவது வீண்.

தமிழ்நாட்டிலேயே நல்ல உதாரணம் இருக்கிறது. 2006-ல் 234 இடத்தில் திமுகவுக்குக் கிடைத்தது 96. தேவை 118, ஆக 22 குறைவு. கூட்டணியில் காங்கிரஸ் 34, பாமக 18, மார்க்சிஸ்ட் 9, இந்திய கம்யூனிஸ்ட் 6. எல்லோருமே வெளியிலிருந்து ஆதரவு தந்தார்கள், யாருக்கும் அமைச்சர் பதவி இல்லை. "மைனாரிட்டி திமுக அரசு" என்று ஜெயலலிதா ஐந்து வருடமும் சொல்லிக்கொண்டே இருந்தார், கருணாநிதியும் ஐந்து வருடத்தையும் முழுதாக ஓட்டி முடித்தார்.

பார்க்க மூன்று தரப்பும் செய்தது ஒன்றுதான். ஆனால் அதன் மதிப்பு ஒன்றல்ல. காங்கிரஸ் விலகியிருந்தால், மற்ற எல்லோரும் இருந்தும் கணக்கு 129, அரசு தப்பித்திருக்கும், ஆனால் பாமக, இடதுசாரிகள் என்று ஒவ்வொருவரிடமும் கைகட்டி நிற்க வேண்டியிருக்கும். பாமகவோ இடதுசாரிகளோ விலகினால்? 96-ம் 34-ம் சேர்ந்தாலே 130. அதாவது 18 பேரும் 15 பேரும் மொத்தமாக எழுந்து போனாலும் ஒன்றும் ஆகாது. அப்படியே நடந்தது. 2009 மக்களவைத் தேர்தல் வரும்போது பாமகவும் இரண்டு கம்யூனிஸ்ட் கட்சிகளும் அதிமுக அணியில் இருந்தன, கோட்டையில் ஒரு நாற்காலிகூட அசையவில்லை.

சரி, கையில் 34 வைத்திருந்த காங்கிரசாவது ஏன் அமைச்சர் பதவி கேட்டு வாங்கவில்லை? கட்சிக்குள் கேட்ட குரல்கள் உண்டு. ஆனால் அப்போது டெல்லியில் மன்மோகன் சிங் அரசு திமுகவின் 16 எம்பிக்களையும் சேர்த்துத்தான் நின்றுகொண்டிருந்தது, திமுகவினர் அங்கே மத்திய அமைச்சர்கள். இங்கே நான் உன்னைத் தாங்குகிறேன், அங்கே நீ என்னைத் தாங்கு என்ற கொடுக்கல் வாங்கல் அது. அகில இந்தியக் காங்கிரசுக்கு லாபமான பேரம், தமிழ்நாடு காங்கிரசுக்கு நஷ்டம். கலர் டிவிக்கும் 2 ரூபாய் அரிசிக்கும் பெயர் திமுகவுக்குப் போனது, ஆட்சி மீதான கோபம் வந்தபோது மட்டும் இரண்டு பேருக்கும் சேர்த்து வந்தது. 2011-ல் கடைசி நிமிடம் வரை மல்லுக்கட்டி 63 தொகுதி வாங்கினார்கள், ஜெயித்தது 5. மின்வெட்டு, 2ஜி, ஈழம் என்று அந்தத் தோல்விக்குக் காரணங்கள் பல, வெளியே நின்றதால் மட்டும் தோற்றார்கள் என்று சொல்ல மாட்டேன். ஆனால் ஐந்து வருடம் ஆட்சியைத் தாங்கிய கட்சிக்கு, தன் கையால் செய்தது இது என்று காட்ட ஒரு துறைகூட இல்லை.

1967 முதல் 2021 வரை நடந்த எந்தச் சட்டமன்றத் தேர்தலுக்குப் பிறகும் தமிழ்நாட்டில் கூட்டணிக் கட்சிக்கு அமைச்சர் பதவி தரப்பட்டதில்லை. அதனால்தான் 'ஆட்சியிலும் பங்கு, அதிகாரத்திலும் பங்கு' என்று விசிக பல காலமாகச் சொல்லும்போதும், 2024 அக்டோபரில் விக்கிரவாண்டி மாநாட்டில் விஜய் அதையே அறிவித்தபோதும் அது ஏதோ புதுமை போலத் தெரிந்தது. உண்மையில் 1952-லேயே நடந்த கதை அது. அன்றைய சென்னை மாகாணத்தில் 375 இடத்தில் காங்கிரசுக்கு 152 தான். ராஜாஜி ஆட்சி அமைக்க வேண்டியிருந்தது. காமன்வீல் கட்சியின் மாணிக்கவேலு நாயக்கர் அமைச்சரவைக்குள் போனார், உழைப்பாளர் கட்சியின் ராமசாமி படையாட்சி 19 எம்எல்ஏக்களோடு வெளியிலிருந்து ஆதரித்தார், 1954-ல் காமராஜர் அமைச்சரவையில் அவரும் உள்ளே வந்தார். ஒரே வட்டாரத்தில் வேர் கொண்ட இரண்டு கட்சிகளில் ஒன்று உள்ளே, ஒன்று வெளியே என்று நின்று பார்த்தது அநேகமாக அது ஒன்றுதான்.

இனி உள்ளே போவதைப் பார்ப்போம். இதில் கேரளாவை விட்டுவிட்டுப் பேச முடியாது. 2011-ல் உம்மன் சாண்டி அரசுக்கு 140-ல் 72 பேர், பெரும்பான்மைக்கு ஒன்றே ஒன்று அதிகம். காங்கிரஸ் 38, முஸ்லிம் லீக் 20, கேரளா காங்கிரஸ் (எம்) 9, மிச்சம் உதிரிகள். இந்த 9 பேரை வைத்துக்கொண்டு கே.எம். மாணி நிதித்துறையைக் கையில் வைத்திருந்தார். அவர் தன் வாழ்நாளில் 13 பட்ஜெட் போட்டவர். தன் தொகுதியான பாலாவைச் சுற்றியுள்ள ரப்பர் விவசாயிகளின் கட்சித் தலைவர் மாநிலத்தின் கஜானா சாவியை வைத்திருந்தார் என்றால், அது கொள்கைப் பெருமிதத்தில் கிடைத்தது இல்லை. லீக்கும் சும்மா இருக்கவில்லை, ஐந்தாவது அமைச்சர் வேண்டும் என்று கேட்டு 2012 ஏப்ரலில் மஞ்ஞளாங்குழி அலியைப் பதவியேற்க வைத்தது. அதற்காகக் காங்கிரசுக்குள்ளும் வெளியிலும் எழுந்த சத்தம் கொஞ்சநஞ்சமல்ல.

கேரளாவில் இது ஏன் நடக்கிறது என்றால், அங்கே இரண்டு முன்னணிகள் கிட்டத்தட்ட சம பலத்தில் இருக்கின்றன, கோபித்துக்கொண்டு போகும் கட்சியை அடுத்த முன்னணி வாசலில் நின்று வரவேற்கும். மாணியின் மகன் ஜோஸ் கே. மாணி 2020-ல் இடது முன்னணிக்குப் போனார், 2021-ல் அந்தப் பக்கமும் ஓர் அமைச்சர் பதவி கிடைத்தது. நான் சொன்ன இரண்டாவது கேள்வியின் முக்கியத்துவம் இதில்தான் இருக்கிறது. போக இடம் இருக்கும் கட்சிக்கு உள்ளே மரியாதை இருக்கும்.

போக இடம் இல்லாத கட்சிக்கு என்ன ஆகும்? கோவாவைப் பாருங்கள். 2017-ல் 40 இடத்தில் காங்கிரஸ் 17, பாஜக 13. கோவா ஃபார்வர்ட் கட்சியின் 3 பேர், மகாராஷ்டிரவாதி கோமந்தக் கட்சியின் 3 பேர், சுயேச்சைகள் என்று சேர்த்து பாஜகவின் பாரிக்கர் ஆட்சி அமைத்தார். 3 பேர் இருந்த ஃபார்வர்ட் கட்சியில் 3 பேருமே அமைச்சர்கள்! இதைவிட நல்ல பேரம் உண்டா என்றுதான் அன்று தோன்றியிருக்கும். 2019 மார்ச்சில் பாரிக்கர் மறைந்ததும் பிரமோத் சாவந்த் முதல்வராக, இரண்டு கட்சித் தலைவர்களுமே துணை முதல்வர்கள் ஆனார்கள். சில நாளிலேயே கோமந்தக் கட்சியின் 3 பேரில் 2 பேர் பாஜகவில் இணைந்துவிட்டார்கள். மூன்றில் இரண்டு பங்கு என்பதால் கட்சித் தாவல் தடைச் சட்டத்தில் அது 'இணைப்பு', செல்லுபடியாகும். மிச்சமிருந்த துணை முதல்வர் சுதின் தவளிகரின் பதவி போனது. அதே 2019 ஜூலையில் காங்கிரசின் 10 எம்எல்ஏக்கள் பாஜகவுக்குப் போனார்கள். இனி யார் தயவும் தேவையில்லை என்றானதும் ஃபார்வர்ட் கட்சியின் மூன்று அமைச்சர்களும் வெளியே அனுப்பப்பட்டார்கள். துணை முதல்வர் என்ற பட்டம் ஒரு பாதுகாப்பும் தரவில்லை, தரவும் தராது, அரசமைப்புச் சட்டத்தில் அப்படி ஒரு பதவியே இல்லை.

ஹரியானாவில் ஜனநாயக ஜனதா கட்சிக்கு நடந்ததும் இதன் இன்னொரு வடிவம். 2019-ல் 10 எம்எல்ஏக்கள், பாஜக கூட்டணி அரசில் கட்சியின் துஷ்யந்த் சௌதாலா துணை முதல்வர். நடுவில் விவசாயிகள் போராட்டம் வந்தது, கட்சிக்கு ஓட்டுப் போட்டதே விவசாயிகள்தான், ஆனாலும் பதவியை விடவில்லை. 2024 மார்ச்சில் பாஜகவே கழற்றிவிட்டது. அந்த வருடத் தேர்தலில் கிடைத்தது பூஜ்யம். உள்ளே போனது தப்பு என்பதைவிட, வெளியே வர வேண்டிய நாளில் வராமல் இருந்ததுதான் தப்பு என்பேன்.

வெளியிலிருந்து ஆதரவு என்றால் கறை படியாது என்று நினைப்பவர்களுக்கு டெல்லி 2013. ஆம் ஆத்மி 28, காங்கிரஸ் 8. காங்கிரஸ் வெளியிலிருந்து ஆதரவு தந்தது, 49 நாளில் கேஜ்ரிவால் ராஜினாமா செய்தார், 2015-ல் ஆம் ஆத்மி 67, காங்கிரசுக்கு ஓர் இடம்கூட இல்லை. வெளியே நின்றவரும் காணாமல் போகலாம் என்பதற்கு இது போதும்.

இருந்தாலும் வெளி ஆதரவில் ஒரு நல்ல பயன்பாடு உண்டு: ஒத்திகை. கேரளாவில் 1970-ல் இந்திய கம்யூனிஸ்ட் கட்சியின் அச்சுத மேனன் அரசுக்குக் காங்கிரஸ் முதலில் வெளியிலிருந்துதான் ஆதரவு கொடுத்தது, 1971-ல் அமைச்சரவைக்குள் வந்தது, அந்த அரசு 1977 வரை போனது. எதிரும் புதிருமாக இருந்த கட்சிகள் சேரும்போது, தொண்டர்கள் பழகுவதற்கு ஒரு வருடம் அவகாசம் கிடைக்கிறது. கொள்கை ரீதியாக ஒரே மேடையில் நிற்க முடியாத கட்சிக்கு இந்த வழியே சரி. 'பிரச்சினையைப் பொறுத்து ஆதரவு' என்று சொல்வது மட்டும் எனக்கு வேடிக்கையாக இருக்கும். பட்ஜெட்டும், துறைகளுக்குப் பணம் கேட்கும் மானியக் கோரிக்கையும் தோற்றால் அரசு போய்விடும், ஆகவே அதற்கெல்லாம் எப்படியும் கை தூக்கியே ஆக வேண்டும், மிச்சமிருப்பது அறிக்கை விடுவதுதான்.

அரசு நூலிழையில் நிற்கும்போது வெளியே இருப்பவருக்கு ஒரு வசதியும் கிடையாது என்பதையும் சேர்த்துக்கொள்ளுங்கள். கேரளாவில் 1981 கடைசியில் வந்த கருணாகரன் அரசுக்கு ஆதரவும் எதிர்ப்பும் சமம். சபாநாயகர் ஏ.சி. ஜோஸ், வாக்கு சமமாகும்போது மட்டும் தனக்குள்ள முடிவு வாக்கைப் போட்டுப் போட்டு அரசைக் காப்பாற்றினார். ஒருவர் விலகியதும் 1982 மார்ச்சில் கதை முடிந்தது.

முதல்வர் பதவியை ஆளுக்குப் பாதி என்று பிரிப்பது பற்றி அதிகம் பேச வேண்டியதில்லை, அது வேலைக்கு ஆகாது. கர்நாடகத்தில் 2006 பிப்ரவரியில் ஜேடிஎஸ் (மதச்சார்பற்ற ஜனதா தளம்) கட்சியின் குமாரசாமியும் பாஜகவும் தலா 20 மாதம் என்று பேசினார்கள். தன் 20 மாதம் முடிந்ததும் குமாரசாமி நாற்காலியைக் கொடுக்கவில்லை. பிறகு பாஜகவின் எடியூரப்பா 2007 நவம்பரில் பதவியேற்று ஏழே நாளில் விலகினார். 2008-ல் பாஜக 79-லிருந்து 110-க்கு ஏறியது, ஜேடிஎஸ் 58-லிருந்து 28-க்கு இறங்கியது. உத்தரப் பிரதேசத்தில் 1997-ல் மாயாவதியும் பாஜகவும் ஆறு மாதம் ஆறு மாதம் என்று பிரித்தார்கள், மாயாவதியின் முறை முடிந்து கல்யாண் சிங் வந்த கொஞ்ச நாளில் பகுஜன் சமாஜ் ஆதரவை விலக்கியது. கட்சிகள் உடைந்தன, உடைந்து வந்தவர்களுக்கெல்லாம் பதவி கொடுத்து அமைச்சரவை 90-ஐத் தாண்டியது. மகாராஷ்டிராவில் 2019-ல் இரண்டரை வருடம் என்று பேசியதாக சிவசேனை சொன்னது, பேசவே இல்லை என்று பாஜக சொன்னது. மூடிய அறைக்குள் நடந்ததற்குச் சாட்சி ஏது?

இதில் ஒழுங்காக நடந்த ஒன்று கேரளாவில் இருக்கிறது. 2021-ல் தலா ஓர் எம்எல்ஏ வைத்திருந்த நான்கு கட்சிகளை இரண்டு ஜோடியாக்கி, அமைச்சர் பதவி ஆளுக்கு இரண்டரை வருடம் என்றார்கள். 2023 டிசம்பரில் ஆண்டனி ராஜுவும் அகமது தேவர்கோவிலும் விலக, கணேஷ் குமாரும் கடந்நப்பள்ளி ராமச்சந்திரனும் வந்தார்கள். ஏன் நடந்தது? பேரம் பேசிய இரண்டு பேரையும்விடப் பெரிய மூன்றாவது ஆள், அதாவது மார்க்சிஸ்ட் கட்சி, மேலே உட்கார்ந்திருந்தது. முதல்வர் பதவி விஷயத்தில் அப்படி மேலே யாரும் இருப்பதில்லை.

ஆக, நீங்கள் விலகினால் ஆட்சி விழும், வேறு கதவும் திறந்திருக்கிறது என்றால், உள்ளே போங்கள் என்றுதான் நான் சொல்வேன். ஆனால் எத்தனை அமைச்சர் என்பதில் கவனம் போய்விடக் கூடாது. 2003-ன் 91-வது திருத்தத்துக்குப் பிறகு அமைச்சரவை சட்டசபை எண்ணிக்கையில் 15 சதவீதத்தைத் தாண்ட முடியாது, குறைந்தது 12 பேர் இருக்க வேண்டும். தமிழ்நாட்டுக்கு அது முதல்வரையும் சேர்த்து 35, கேரளாவுக்கு 21. யூனியன் பிரதேசமான புதுச்சேரிக்குத் தனிக் கணக்கு, முதல்வரோடு சேர்த்து மொத்தம் 6 பேர்தான். 2021-ல் அங்கே என்.ஆர். காங்கிரஸ் 10, பாஜக 6. ரங்கசாமி மே 7-ம் தேதி தனியாகப் பதவியேற்றார், மற்ற ஐந்து பேர் பதவியேற்றது ஜூன் 27-ம் தேதி. கொரோனா இரண்டாம் அலை நடுவில், ஐம்பது நாள் ஒற்றை ஆள் அமைச்சரவை! முடிவில் பாஜகவுக்குக் கிடைத்தது இரண்டு அமைச்சர்கள்தான், ஆனால் அதில் ஒருவருக்கு உள்துறை, கூடவே சபாநாயகர் பதவி. எண்ணிக்கையில் குறைந்தாலும் எடையில் குறையவில்லை.

துறையின் எடையைப் பார்ப்பதற்கு என்னிடம் ஒரு எளிய வழி உண்டு. அந்தத் துறைக்குத் தாலுகா அளவில் அலுவலகம் இருக்கிறதா, சொந்தமாகப் பணம் செலவழிக்கிறதா, இல்லை, சிபாரிசுக் கடிதம் எழுதுகிறதா? வருவாய், உணவு, வேளாண்மை, நெடுஞ்சாலை, உள்ளாட்சி எல்லாம் முதல் ரகம். கேரளாவில் இந்திய கம்யூனிஸ்ட் கட்சி 2021-ல் 17 இடத்துக்கு வாங்கியது வருவாய், வேளாண்மை, உணவு, கால்நடை. கிராமத்து மனிதன் வாசலில் வந்து நிற்கும் நான்கு துறைகள், யோசித்து வாங்கியிருக்கிறார்கள். இன்னொன்று, துறை முழுசாக வருகிறதா என்று பாருங்கள். பொதுப்பணித்துறை என்று சந்தோஷமாக வாங்கிய பிறகு நீர்வளம் தனியாகப் பிரிந்து வேறு ஒருவரிடம் போயிருந்தால் கையில் இருப்பது கட்டடங்கள் மட்டும். தமிழ்நாட்டில் 2021-ல் அந்தப் பிரிவு நடந்தது, அது கூட்டணிப் பேரத்தால் அல்ல, ஆனால் எவ்வளவு சுலபமாகச் செய்யலாம் என்பதற்குச் சொல்கிறேன்.

நிதியை யார் வைத்திருப்பது என்பதும் அப்படித்தான். 2018-ல் கர்நாடகத்தில் 37 பேர் இருந்த ஜேடிஎஸ் முதல்வர் பதவியோடு நிதியையும் வாங்கியது, 78 பேர் இருந்த காங்கிரஸ் உள்துறையை வாங்கியது. எழுத்தில் ஒப்பந்தம், ஒருங்கிணைப்புக் குழு, குழுவுக்குத் தலைவராக சித்தராமையா என்று எல்லாம் பக்காவாக இருந்தது. அப்புறம் இரண்டே மாதத்தில் குமாரசாமி மேடையில் கண் கலங்கி, நஞ்சுண்ட சிவனைப் போல வலியை விழுங்கிக்கொண்டிருக்கிறேன் என்கிற மாதிரிப் பேசினார். 2019 ஜூலையில் நம்பிக்கை வாக்கெடுப்பில் 99-க்கு 105 என்று அரசு விழுந்தது. விழ வைத்தது தலைவர்களின் சண்டை மட்டுமல்ல, அமைச்சர் ஆக முடியாமல் போன எம்எல்ஏக்களின் மனக்குறையும்தான். சின்னக் கட்சி உள்ளே போகும்போது பெரிய கட்சியில் யாரோ ஒருவருக்கு நாற்காலி போகிறது. அந்த ஆள் யார், எந்த மாவட்டம் என்று தெரிந்து வைத்துக்கொள்வது நல்லது.

சபாநாயகர் பதவியை நான் மூன்றாவது அமைச்சர் பதவிக்கு மேலே வைப்பேன். கட்சித் தாவல் புகாரில் முதலில் தீர்ப்பு சொல்பவர் அவர். மகாராஷ்டிராவில் நானா படோலே 2021 பிப்ரவரியில் சபாநாயகர் பதவியை விட்டுவிட்டுக் கட்சித் தலைவராகப் போனார், மூன்று கட்சிகளின் அரசு அந்த நாற்காலியை ஒரு வருடத்துக்கு மேல் நிரப்பாமலே விட்டது. 2022 ஜூனில் சிவசேனையின் ஏக்நாத் ஷிண்டே எம்எல்ஏக்களோடு கிளம்பியபோது இருந்தது துணை சபாநாயகர் மட்டும், அவர் மேலேயும் நீக்கக் கோரி நோட்டீஸ். ஜூலை முதல் வாரத்தில் புது சபாநாயகராக வந்தவர் பாஜகவின் ராகுல் நர்வேகர். அதற்குப் பிறகு யார் உண்மையான சிவசேனை என்பது யார் கையில் போனது என்று சொல்லத் தேவையில்லை.

எழுதி வாங்கினால் போதுமா என்று கேட்டால், எந்த ஒப்பந்தத்தையும் கோர்ட்டில் காட்டி இலாகா வாங்க முடியாது. யாருக்கு எந்தத் துறை என்பதும், யாரை நீக்குவது என்பதும் முதல்வர் சொல், ஆளுநர் கையெழுத்து. ஆகவே எழுதுவதைவிட, எழுதியதைப் பத்திரிகைக்குக் கொடுப்பதுதான் பயன். கொடுக்க வேண்டிய நேரமும் முக்கியம்: ஆதரவுக் கடிதம் ஆளுநருக்குப் போவதற்கு முன்னால். கடிதம் போய்விட்டால் பேரம் முடிந்தது. யாரை ஆட்சி அமைக்க அழைப்பது என்று, மத்திய மாநில உறவுகளை ஆராய்ந்த சர்க்காரியா கமிஷன் ஆளுநருக்குச் சொன்ன வரிசையில்கூட, தேர்தலுக்குப் பின் எல்லோரும் அமைச்சரவையில் சேரும் கூட்டணி மேலேயும், சிலர் வெளியிலிருந்து தாங்கும் கூட்டணி அதற்குக் கீழேயும்தான் வருகிறது. பெரிய கட்சிக்கும் நீங்கள் உள்ளே வருவதில் ஒரு லாபம் இருக்கிறது என்பதை அந்த மேஜையில் ஞாபகப்படுத்தலாம்.

விலகினாலும் ஆட்சி விழாது, போகவும் இடமில்லை என்கிற கட்சியாக இருந்தால்? உள்ளே போனால் கோவா, வெளியே நின்றால் 2006-ன் பாமக. அந்த நிலையில் வாரியத் தலைவர் பதவியும் உள்ளாட்சியில் இடமும் கேட்டு வாங்கிக்கொண்டு சும்மா இருப்பதைவிட எதிர்க்கட்சி வரிசை நல்லது. கேள்வி நேரமும், துறைக்குக் கேட்கும் பணத்தைக் குறைக்கச் சொல்லும் வெட்டுத் தீர்மானமும், அடுத்த தேர்தலில் யாரோடு வேண்டுமானாலும் பேசும் சுதந்திரமும் அங்கே இருக்கும். தொகுதி வேலைக்கு அமைச்சரைப் பார்க்கப் போனால் காத்திருக்க வைப்பார்கள்தான், ஆனால் ஆளும் கூட்டணியின் கடைசிக் கட்சி எம்எல்ஏவையும் அதே பெஞ்சில்தான் உட்கார வைக்கிறார்கள்.